எண்ணிக்கொண்டு நின்ற மனுசன்

அவருடைய வலது கை எப்பவும் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்தான் இருக்கும். குளிருக்கு வைத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். இந்த நாட்டில் தை மாதம்தான் கோடை; அந்த வெயிலில், தார் இளகி மணக்கிற நாளிலும் அந்தக் கை வெளியில் வரவில்லை. ஒருநாள் கடை வாசலில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கக் குனிந்தபோது அவர் எனக்குக் கிட்ட நின்றார். பொக்கற்றுக்குள் இருந்து ஒரு சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக்.

செபமாலை சொல்லுகிறார் என்று நினைத்துவிட்டேன். எங்கள் கோயிலில் இப்ப சில பேர் மணி உருட்டுவதில்லை. விரலில் மோதிரம் மாதிரி எண்ணுகிற ஒரு சின்ன மெசினைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒருக்கால் அமத்துவார்கள். சைவ ஆட்களிடமும் அதைக் கண்டிருக்கிறேன். றோட்டில் நின்றாலும் கடவுளை நினைக்கிற மனுசன் என்று ஒரு மரியாதை வந்தது. மகளிடம் சொன்னேன். அவள் வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"செபமோ? அம்மா, அந்தாள் சனத்தை எண்ணுறார்."

வந்த மரியாதை அன்றைக்கே போயிற்று.

எங்கள் தையல் கடை நோபல் பார்க்குக்குக் கொஞ்சம் அங்கால், ரெயில் ஸ்ரேசனுக்கு எதிர்த் தெருவில் இருந்தது. புதுச் சட்டை தைக்கிற கடை இல்லை. காற்சட்டை கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, உடம்பு வைத்தவர்களின் சாறிச் சட்டையை இரண்டு பக்கமும் பிரித்து விடுவது, அவ்வளவுதான். வருகிறவர்களோடு கதைப்பது மகள் ரஞ்சியின் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலிசு வராது, தமிழிலும் ஆட்களோடு கதைக்க எனக்கு வாய் வராது. யன்னல் ஓரத்தில் மெசினில் இருப்பேன். வாய் சும்மா இருந்தால் கண் இரண்டு மடங்கு வேலை செய்யும். தெருவில் யார் வந்தார், யார் போனார், யார் யாரைக் கண்டு மற்றப் பக்கம் மாறினார் எல்லாம் எனக்குத் தெரியும்.

அந்தத் தெருக் கடைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் இருந்தது. வியட்நாம்காரரின் பாண் கடை, மருந்துக்கடை, ஆப்கான்காரரின் இறைச்சிக்கடை, தவத்தின் பலசரக்குக் கடை, எங்கள் கடை, இன்னும் பத்துப் பன்னிரண்டு. சம்பளத்துக்குச் சங்கத்தை நடத்துகிற வேலை இந்த எண்ணுகிற மனுசனுக்கு. விளக்குக் கம்பத்தில் பூச்சட்டி தொங்க விடுவது, யேசு பிறந்த நத்தாருக்குச் சோடனை கட்டுவது, குப்பைத் தொட்டி நிரம்பினால் கவுன்சிலுக்குச் சொல்லுவது, சுவரில் யாராவது கிறுக்கினால் ஆள் பிடித்துப் பூச்சு அடிப்பிப்பது. எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் நல்ல வேலை செய்கிற மனுசன் ஏன் ஒளித்து எண்ண வேண்டும்?

அவர் இந்தியத் தமிழர். திருச்சிப் பக்கம் என்றார்கள். எஞ்சினியருக்குப் படித்தவர் என்று ஒருவர் சொன்னார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்று இன்னொருவர் சொன்னார், அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், நீலச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் இருக்கும். அந்தத் தெருவில் பாண் கடை இருந்தது, தவத்தின் கடையில் றோல்ஸும் வடையும் இருந்தது. ஒரு நாளும் அவர் எதையும் வாங்கித் தின்றதில்லை. சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்.

கடைக்குக் கடிதம் கொண்டு வருகிற நாளில் ரஞ்சி தேத்தண்ணி குடியுங்கோ என்பாள்.

"இல்லீங்கம்மா, வேணாம்," என்பார். வாசல் படியைத் தாண்டி உள்ளே வரவும் மாட்டார். கையை நீட்டிக் கடிதத்தைத் தந்துவிட்டுப் போவார். இடது கையை.

எங்கள் ஆட்கள், ஒரு வீட்டில் தண்ணியால் வாய் நனைக்காத மனுசனை நம்பமாட்டார்கள். தவம் அதை வெளியிலேயே சொல்லுவான். "என்ரை கடையிலை ஒரு பச்சைத் தண்ணி குடிக்கேல்லை, அன்ரி. நாளைக்கு எங்களுக்கு ஏதும் கெடுதல் செய்ய வேண்டி வந்தா மனம் உறுத்தக்கூடாது எண்டு இப்பவே கவனமா இருக்கிறார்."

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனாள். அவர் எங்கள் பக்கத்து மருந்துக்கடைக்கு முன்னால் நின்றார். ஒரு டிக். நான் எங்கள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபடியால் கேட்டது. நாலு அடி போக, குழந்தை இறங்கி நடக்கப்போகிறேன் என்று அழுதது. தாய் இறக்கி விட்டாள். அதன் கால் நிலத்தில் பட்டதும் அவருடைய பொக்கற் இன்னொரு தரம் டிக் என்றது. தவத்திடம் இதைச் சொன்னேன். பொதுவாக நான் ஆட்களைப் பற்றிச் சொல்லுகிறவள் இல்லை, இதை அடக்க முடியவில்லை. தவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வயித்துப்பிள்ளைக்காரி வந்தா என்ன செய்வார் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னையும் ஒரு காலத்தில் எண்ணியிருக்கிறார்கள். யுத்தம் முடிந்து முகாமில், முள்ளுக்கம்பிக்குள் இருந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் காலையில் வரிசையில் நிற்கவேண்டும். ஒருத்தன் தடியால் ஒவ்வொரு தலையாகக் காட்டிக்கொண்டு போவான், பின்னால் ஒருத்தன் எழுதுவான். எண்ணும்போது ஒருவரும் எதுவும் செய்யமாட்டார்கள். எண்ணி முடிந்த பிறகுதான் பெயர் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு காலை என் தங்கச்சியின் மகனைக் கூப்பிட்டார்கள். அவன் பல்லுத் தீட்டிய கோப்பையை என்னிடம் தந்துவிட்டுப் போனான். அந்தக் கோப்பை கனகாலம் என்னிடம் இருந்தது.

அதனால் ஆட்களை எண்ணுகிற ஆளைக் கண்டால் பின்னால் எழுதுகிறவன் எங்கே என்று தேடுவேன். அவரிலே பிழை இல்லை. பிழை இல்லை என்று இப்ப எழுதுகிறேன், அப்ப நினைக்கவில்லை.

நத்தாருக்கு முதல் சங்கம் தெருவை மூடி ஒரு கொண்டாட்டம் வைத்தது. பாட்டு, பலூன், இறைச்சிக்கடைக்காரர் நெருப்பு மூட்டிக் கோழி சுட்டார். எல்லாரும் தின்றுகொண்டு நின்றோம். அவர் தெருவின் ஒரு முனையில் தனிய நின்றார். கை பொக்கற்றுக்குள். கொண்டாட்டமே அவருடைய ஏற்பாடு. தான் கட்டிய பந்தலில் தானே உட்காராத மனுசன். ரஞ்சி ஒரு தட்டில் கோழி கொண்டுபோய்க் கொடுத்தாள். எண்ணிக்கை விட்டுப் போயிரும்மா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு எடுத்த ஒரு படம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. படத்தில் எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் எங்களைப் பார்க்கிறார்.

அடுத்த வருசம் குளிர் தொடங்குகிற நேரம், இரண்டு கிழமைக்கு அவர் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கினார். எங்கள் கடைக்கு நேரே, றோட்டுக் கரையில். ஸ்ரேசனால் இறங்குகிறவர்கள் றோட்டைக் குறுக்கால் கடந்து கடைப் பக்கம் வருகிற இடம் அது. கார்கள் வேகமாக வரும், கடக்க வெள்ளைக்கோடு கிடையாது. காலை முதல் கடை பூட்டும் வரை நின்றார். இந்தத் தரம் ஒரு அட்டையும் வைத்திருந்தார், அடிக்கடி பார்த்து எழுதினார். எண்ணுகிறவரும் எழுதுகிறவரும் ஒரே ஆள்.

என் சிநேகிதி பிலோமினா சாறிச் சட்டை கொண்டு வந்திருந்தாள். அவளுடைய மகனுக்கு அப்ப விசா அலுவல் முடியவில்லை, ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுங்கிக்கொண்டிருந்த காலம். அவள் யன்னலால் பார்த்து, ஆர் உது, என்ன எழுதுறான் என்று கேட்டாள். சனத்தை எண்ணுறாராம் என்றேன். ஆருக்குக் குடுக்கிறதுக்கு என்றாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

"இனி முன்னாலை வராதை பிலோ," என்றேன். "சிக்னலாலை சுத்தி, பின் ஒழுங்கையாலை வா. நான் கதவைத் திறந்து விடுறன்."

என் வாழ்க்கையில் நான் சொல்லி ஆட்கள் கேட்டது அந்த ஒரு விசயத்தைத்தான். பிலோமினா தன் கோயில் குழுவுக்குச் சொன்னாள். அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பாதிப்பேர் என்னைப் போல ஒரு காலத்தில் எண்ணப்பட்டவர்கள், மற்றவர்கள் வீட்டில் விசாக் கடிதம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. முழங்கால் நோவோடு, பெற்றோல் ஸ்ரேசன் வரை நடந்து, சிக்னலில் கடந்து, லொறி சாமான் இறக்குகிற ஒழுங்கையால் வந்தார்கள். தவத்தின் கடைக்கும் அந்தப் பக்கம் ஒரு கதவு, முன்னால் காசு மேசையில் இருக்கிற தவத்தின் கண்ணில் அது படாது. வெள்ளிக்கிழமை மீன் வருகிற நாளில் தவத்தின் கடை நிரம்பி வழிந்தது. முன் றோட்டு வெறுமையாகக் கிடந்தது.

இரண்டாம் கிழமை ஒருநாள் நான் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிலோமினாவும் இன்னும் மூன்று பேரும் குடையைப் பிடித்தபடி ஒழுங்கையால் வருகிறார்கள். ஒழுங்கையின் முனையில் அவர் நின்றார். குப்பைத் தொட்டி பார்க்க வந்திருக்கவேண்டும். நாலு பேரையும் பார்த்தார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் காதைக் கூராக்கிக்கொண்டு நின்றேன். டிக் கேட்கவில்லை. திரும்பிப் போனார். எண்ணியிருந்தாலும் அவ்வளவு பயம் வந்திராது. ஏன் எண்ணவில்லை என்று அன்றிரவு நித்திரை வரவில்லை.

அவர் எதற்கு எண்ணினார் என்று சங்கக் கூட்டத்தில்தான் தெரிந்தது. பாண் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுக் கதிரைகளைப் போட்டுக் கூட்டம் வைத்தார்கள். கூட்டம் முடிய மகளின் காரில்தான் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தபடியால் நானும் ரஞ்சியோடு போய்ப் பின்னால் இருந்தேன். அவர் ஒரு கடிதத்தை வாசித்தார். ரஞ்சி எனக்குக் காதுக்குள் சொன்னாள். தெருவில் வெள்ளைக்கோடு போட்டுத் தரச்சொல்லிச் சங்கம் கனகாலமாகக் கேட்டதாம். மருந்துக்கடைக்கு வந்த ஒரு கிழவரைக் கார் இடித்த பிறகு தொடங்கின வேலையாம். எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டு என்று கவுன்சில் சொன்னதாம். எண்ணிக்கை காணாதாம், போதாதாம். இல்லை என்று விட்டார்களாம்.

உனக்கு இது முதலே தெரியுமோ என்று கேட்டேன். போன கூட்டத்திலையே சொன்னவர், நீங்கள் கேக்கேல்லையே என்றாள். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. பின் கதவால் ஏன் ஆட்கள் வருகிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, மழைக்கு அந்தப் பக்கத்தால் வருகிறார்கள் என்று நினைத்தாளாம்.

தவம் எழும்பினான். முதலில் இங்கிலிசில் கத்தினான், பிறகு அவரைப் பார்த்துத் தமிழுக்கு மாறினான்.

"அண்ணை, என்ரை கடையிலை நிக்க இடமில்லை. அவ்வளவு சனம். றோட்டிலை மட்டும் சனம் இல்லையாம். என்ன, பறந்தே வந்தவை?"

"நான் பார்த்ததத்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப பாக்காததிலை ஒரு நூறைப் போட்டு விடுங்கோவன். ஆர் வந்து பாக்கப்போறான்?"

"போடமாட்டேங்க."

"உங்கடை வீட்டுக் காசே, அண்ணை? வெறும் எண்தானே."

"அதனாலதான் போடமாட்டேன்," என்றார். "நூறு பேரைச் சும்மா போட்டா, நான் நின்ன ரெண்டு வாரமும் சும்மாதான்."

பாண் கடைக்காரர் ஏதோ கேட்டார், மருந்துக்கடைக்காரி ஏதோ சொன்னாள். கிட்டடியில் புதுசாக வந்த பெரிய கடைத்தொகுதிக்காரர், எங்கள் தெருவுக்குச் சனம் வரக்கூடாது என்று, இவரை வாங்கிவிட்டார்கள் என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. வேண்டுமென்று குறைத்து எண்ணினாராம். ஒரு கடையிலும் தேத்தண்ணி குடிக்காதது அப்பதான் எல்லாருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது. நான் தொடக்கிவிட்ட சந்தேகம்தான், இங்கிலிசிலும் வியட்நாம் பாசையிலும் எனக்குத் திரும்பி வந்தது.

அவர் கதிரைகளுக்கு மேலால் ஒருக்கால் என்னைப் பார்த்தார். ஒழுங்கையில் பார்த்த அதே பார்வை. இப்ப சொல்லப்போகிறார் என்று நான் சாறித் தலைப்பை இறுக்கிப் பிடித்தேன். அவர் சொல்லவில்லை. எழும்பி நான் சொல்லியிருக்கவேண்டும். நாலு சொல் காணும், தமிழிலேயே காணும், ரஞ்சி மாற்றிச் சொல்லியிருப்பாள். என் வாய் திறக்கவில்லை. வெட்கம் என்று அதற்குப் பெயர் சொல்லிப் பழகிவிட்டேன்.

மூன்று மாதத்தில் அவரை நிற்பாட்டிவிட்டார்கள். அடுத்த ஆளாக ஒரு இளம் வெள்ளைக்காரப் பிள்ளை வந்தாள், எல்லாக் கடையிலும் தேத்தண்ணி குடித்தாள்.

நிற்பாட்டிப் பத்து நாள் இருக்கும், அவர் ஒரு பையோடு வந்தார். ரஞ்சி இல்லை, நூல் வாங்கப் போயிருந்தாள். முதல் தரமாகப் படியைத் தாண்டி உள்ளே வந்தார். இரண்டு காற்சட்டையை மேசையில் வைத்தார். இரண்டிலும் வலது பொக்கற் தேய்ந்து, விரல் போகிற அளவு ஓட்டை. இடது பொக்கற் கடையில் வாங்கின மாதிரிப் புதுசாக இருந்தது.

தேத்தண்ணி போடவோ என்று கேட்டேன்.

"போடுங்கம்மா. இப்பக் குடிக்கலாம்," என்றார். "ஒரு கடையில குடிச்சா மத்தக் கடைக்காரங்க நான் அந்தக் கடை ஆளுன்னுவாங்க. இப்ப நான் யாரோட ஆளும் இல்லை."

இடது கையால் கோப்பையைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார். நான் பழைய பொக்கற்றைப் பிரித்து, தடித்த பருத்தித் துணி வைத்து, ஓரத்தை இரண்டு மடிப்பாகத் தைத்தேன். மெசின் ஓடுகிற சத்தத்துக்குள் கேட்டுவிடலாம் என்று தைரியம் வந்தது.

"தம்பி, அண்டைக்குக் கூட்டத்திலை என்னைப் பற்றி ஏன் சொல்லேல்லை?"

மெசின் நின்ற பிறகு கோப்பையை மேசையில் வைத்தார்.

"ரோட்டைக் கடக்கிறவங்களத்தாம்மா எண்ணச் சொன்னாங்க. சந்துல வர்றவங்களைப் பத்தி யாரும் கேக்கலையே."

இதை நான் எத்தனையோ தரம் புரட்டிப் பார்த்துவிட்டேன். என்னைக் காப்பாற்றினாரா, குத்திக் காட்டினாரா, இல்லை உண்மையிலேயே அவருடைய மண்டைக்குள் அவ்வளவுதான் இருந்ததா. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வர்றேம்மா என்று சொல்லி எழும்பிப் போனார்.

அவர் போய்க் கொஞ்சத்தில் பார்த்தால் தைத்த காற்சட்டைகளை வைத்த பை கதிரையில் இருக்கிறது. யன்னலால் பார்த்தேன். றோட்டுக்கு மற்றப் பக்கம், ஸ்ரேசன் வாசலில் நின்றார். ரெயிலுக்குப் போகிற ஆள் மாதிரி நிற்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தள்ளுவண்டிக் குழந்தையின் காலை மறக்காத மனுசன் தன் பையை மறந்தார் என்று ரஞ்சி நம்புகிறாள். நான் நம்பவில்லை.

பையை எடுத்துக்கொண்டு முன் வாசலால் வந்தேன். அந்த இடத்தில் அந்த றோட்டை நான் ஒரு நாளும் கடந்ததில்லை. மகளின் காரில் வந்து மகளின் காரில் போகிறவள். இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு கார் போனது, இன்னொன்று போனது. அவர் என்னைக் கூப்பிடவும் இல்லை, நில்லுங்கோ என்று கை காட்டவும் இல்லை. சாறியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மற்றக் கரையில் கால் வைத்தபோது கேட்டது. டிக்.

பையை இடது கையால் வாங்கினார். நன்றி சொன்னார், திரும்பிப் போறப்பப் பார்த்துப் போங்கம்மா என்றார். சங்கம் இல்லை, கவுன்சில் இல்லை, அட்டையும் இல்லை. பிறகு யாருக்குக் கொடுக்க எண்ணினார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

திரும்பிக் கடக்கும்போதும் காதை அவருடைய பக்கமே வைத்துக்கொண்டு நடந்தேன். நான் இந்தக் கரையில் ஏறுகிற நேரம் பார்த்து ஒரு லொறி போனது. இரண்டாவதையும் போட்டாரோ, ஒன்றோடு நிறுத்தினாரோ, கேட்கவில்லை.